ஊசி ஒத்துக்கொள்ளாது என்று எழுதிய பிறகு

தூசியையும் நிலக்கடலையையும் பகையென்று எண்ணி ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் சிலரின் உடல் உருவாக்குகிறது; அலர்ஜி அப்படித் தொடங்குவது உண்டு. அலர்ஜிப் பரிசோதனை என்றதும், நமக்கு எது ஆகாது என்று கண்டுபிடிக்கத்தான் அது என்று பலரும் நினைக்கிறோம். எது ஆகும் என்று உறுதியாகச் சொல்வதுதான் அதன் பெரிய பயன் என்பது என் எண்ணம். பெனிசிலினையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஏறத்தாழ பத்தில் ஒருவரின் மருத்துவக் குறிப்பில் ‘பெனிசிலின் அலர்ஜி’ என்று எழுதியிருக்கிறது. அவர்களை முறையாகச் சோதித்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த மருந்தைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

அந்தக் குறிப்பு பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் விழுகிறது. காய்ச்சலுக்குப் பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் கொடுத்திருப்பார்கள். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும். அந்தத் தடிப்பு பல நேரம் வைரஸின் வேலை, ஆனால் பழி மருந்தின் மேல் விழும். வயிற்றுப்போக்கும் குமட்டலும் வெறும் பக்கவிளைவுகள். அவையும் அலர்ஜிக் கணக்கில் சேர்ந்துவிடும். அப்பாவுக்கு ஆகாது என்பதற்காக மகளுக்கும் எழுதிவைப்பது உண்டு. உண்மையாகவே அலர்ஜி இருந்தவர்களில்கூட, அந்த மருந்தைத் தொடாமலே பத்து ஆண்டுகள் போனால், ஐந்தில் நான்கு பேருக்கு அது மறைந்துவிடுகிறது. குறிப்பு மட்டும் மறைவதில்லை.

அதனால் என்ன, வேறு ஆன்டிபயாடிக் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அதற்குக் கொடுக்கும் விலைதான் கவலைப்பட வைக்கிறது. மாற்றாகத் தரப்படுபவை பெரும்பாலும் பலவகைக் கிருமிகளை ஒருசேரத் தாக்குபவை. குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களும் அதில் அழிகின்றன, மருந்துக்கு அடங்காத கிருமிகள் தலைதூக்குகின்றன. பிரிட்டனில் பெனிசிலின் அலர்ஜி என்று குறிக்கப்பட்ட அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, குறிப்பில்லாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வெளியானது. மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா தொற்றும் வாய்ப்பு, குறிப்பு உள்ளவர்களுக்கு 69 சதவீதம் கூடுதலாக இருந்தது. வாதக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில், பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போட வேண்டியிருக்கிறது. சிபிலிஸ் தொற்றிய கர்ப்பிணிக்கு, வயிற்றில் இருக்கும் சிசுவையும் சேர்த்துக் காக்கப் பரிந்துரைக்கப்படும் மருந்து பெனிசிலின் ஒன்றுதான். இவர்களிடம் போய் ‘வேறு மருந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று எப்படிச் சொல்வது?

சோதனையே ஆபத்தாகிவிடாதா என்ற பயம் நியாயமானது. அதனால்தான் முதலில் பழைய கதையை விரிவாகக் கேட்கிறார்கள்: என்ன நடந்தது, எத்தனை ஆண்டுக்கு முன், மூச்சு முட்டியதா, தோல் உரிந்ததா? தோல் உரிந்து வாயும் கண்ணும் புண்ணானவர்களுக்கு இந்த மருந்தை மறுபடி கொடுத்துப் பார்ப்பதே கூடாது. ஆபத்துக் குறைந்தவர்கள் என்று தேறியவர்களுக்கு, அட்ரினலின் கையருகே இருக்க, மருத்துவர் கண்முன்னே மாத்திரை தருகிறார்கள். தோலில் குத்திப் பார்க்காமல் நேராக மாத்திரை கொடுப்பதும் இவர்களுக்கு அதே அளவு பாதுகாப்பானது என்று 2023-ல் வெளியான, பல நாட்டு மருத்துவமனைகள் பங்கேற்ற ஆய்வு காட்டியது. வீட்டில் தானாக மாத்திரை போட்டுப் பார்ப்பது இதில் சேராது.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு: ரத்தம் கொடுத்தால் நூறு உணவுகளுக்குப் பட்டியல் தருகிறார்களே, அதை நம்பலாமா? ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளின் அளவை வைத்துத் தரும் உணவுப் பட்டியலை அலர்ஜி மருத்துவர்களின் அமைப்புகள் ஏற்பதில்லை. சாப்பிட்டுப் பழகிய உணவுக்கும் அது உயரும். ஐஜிஇ சோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தாலும், அதைச் சாப்பிட்டுத் தொல்லை வந்த வரலாறு இல்லையென்றால், அந்த உணவை நிறுத்தக் காரணமில்லை. கேள்வியோடு செய்யும் சோதனைக்குத்தான் பதில் கிடைக்கும்.

சோதனை முடிந்து ‘அலர்ஜி இல்லை’ என்று தெரிந்த பிறகும் பழைய எழுத்து கோப்பில் கிடந்து, அடுத்த மருத்துவமனையில் மறுபடி ஏறிக்கொள்வது உண்டு. எனவே முடிவைத் தேதியோடு எழுதி வாங்கி, குடும்ப மருத்துவரிடம் ஒரு பிரதி கொடுத்து, கோப்பில் இருக்கும் பழைய வரியை அவர் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள்.