கம்பி உயர்ந்தால் சுரமும் உயரும்

கிட்டார் கற்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே, “விரல் வலிக்கிறது, எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் ஒலி ஒட்டவில்லை, எனக்கு இசை வராது” என்று சொல்லி, அதை அலமாரி மேல் ஏற்றிவிடும் மாணவர்கள் உண்டு. அந்த முடிவுக்கு வருமுன் ஓர் அளவுகோலை எடுத்துக் கிட்டாரை அளந்து பாருங்கள். குறை உங்கள் விரலிலோ காதிலோ இல்லாமல், கம்பியின் உயரத்தில் இருக்கக்கூடும்.

சுருதியை முடிவு செய்பவை எவை?

ஒரு கம்பியின் அதிர்வெண்ணை அதன் நீளம், கனம், இழுவிசை ஆகிய மூன்றும் முடிவு செய்கின்றன. நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும். இழுவிசையின் கணக்கு வேறு. அறிவியலறிஞர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி ஓர் இசைக்கலைஞர். கம்பிகளில் எடைகளைத் தொங்கவிட்டு அவர் சோதித்தார். சுருதியை ஒரு ஸ்தாயி உயர்த்த, இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும் என்று கண்டார்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்துள்ள உலோகப் பட்டைகளுக்கு ‘ஃப்ரெட்’ என்று பெயர். வீணையில் இதையே மெட்டு என்கிறோம். கம்பியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்றால், 12ஆவது மெட்டு சரிபாதியில், அதாவது 325 மில்லிமீட்டரில் இருக்கும். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அதிர்வெண் சுமார் 1.0595 மடங்காக உயரும். இப்படிப் 12 முறை பெருக்கினால் விடை 2. கைக்கணிப்பொறியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தும்போது நடப்பது

மெட்டை நோக்கி அழுத்தும்போது கம்பி கீழே வளைகிறது, சற்றே நீள்கிறது, இழுவிசை கூடுகிறது. அதனால் சுரம் இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே போகிறது. இதை எதிர்பார்த்துத்தான், கம்பிகளைத் தாங்கும் ‘சேடில்’ என்ற வெள்ளைத் துண்டைக் கணக்கிட்ட இடத்திலிருந்து சற்றுப் பின்தள்ளி வைக்கிறார்கள். ஆனால், கம்பி அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டால் இந்த ஈடு போதாது. அழுத்தாமல் மீட்டும்போது ஆறு கம்பிகளும் ‘சரி’ என்று டியூனர் செயலி காட்டும். விரல்களால் அழுத்திச் சேர்த்து மீட்டினால் ஒலி கசக்கும்.

வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டவை. சுருதி விலகினால் அவற்றை மாற்றிப் பதிக்கலாம். கிட்டாரின் மெட்டுகள் நகராதவை. எனவே, கம்பியின் உயரத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

நம் ஊரில் ஏன் உயர்கிறது?

சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். மலேசியாவின் பல பகுதிகளிலும் இதே நிலைதான். கிட்டாருக்கு ஏற்றது 45 முதல் 55 விழுக்காடு. மரம் ஈரத்தை உறிஞ்சும்போது நார் ஓடும் திசையில் அவ்வளவாக நீளாது, குறுக்கே விரியும். மெல்லிய மேற்பலகை விரிந்து புடைக்கும்போது சேடிலும் மேலெழும்புகிறது, கம்பிகள் உயர்கின்றன. எஃகுக் கம்பி கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை, ஏறக்குறைய 70 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். ஆண்டுக்கணக்கில் அது கழுத்தையும் வளைக்கும்.

வரிசையாகச் சோதிக்கலாம்

முதலில் கம்பிகள். துருவோ அழுக்கோ ஏறிய கம்பி சீராக அதிராது, மாற்றிவிடுங்கள். புதிய கம்பி சில நாள் தளரும். அதை மெதுவாக இழுத்துவிட்டு மீண்டும் சுருதி சேருங்கள். எப்போதும் கீழிருந்து மேலாகவே முறுக்குங்கள்.

இரண்டாவது, கழுத்தின் தலைப்பகுதியில் கம்பிகள் பதியும் ‘நட்’. முறுக்கும்போது ‘டிக்’ என்ற ஒலியுடன் சுருதி தாவினால், கம்பி அந்தப் பள்ளத்தில் சிக்குகிறது. பென்சில் முனையைப் பள்ளத்தில் தேயுங்கள். கிராஃபைட் உராய்வைக் குறைக்கும்.

மூன்றாவது, கழுத்து. தடித்த கம்பியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலுள்ள மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். 7ஆவது மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு தாள் நுழையும் இடைவெளி போதும். மிக அதிகமாக இருந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் எஃகுத் தண்டைத் திருகிச் சரிசெய்வது பழகியவர் வேலை. பெரும்பாலான நைலான் கம்பி கிட்டார்களில் அந்தத் தண்டு இருக்காது.

நான்காவது, உயரம். 12ஆவது மெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிவரை அளவிடுங்கள். எஃகுக் கம்பி கிட்டாரில் தடித்த கம்பிக்கு 2.5, மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நன்று. நைலான் கம்பிக்கு முறையே 4, 3 மில்லிமீட்டர்.

அளவு 3.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் குறைக்க, சேடிலை எவ்வளவு தேய்க்க வேண்டும்? கணிதத்தில் படித்த வடிவொத்த முக்கோணங்களை நினைவுகூருங்கள். 12ஆவது மெட்டு கம்பியின் நடுவில் இருப்பதால், சேடிலில் 2 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். கம்பிகளைத் தளர்த்தி, சேடிலை உருவி, அதன் அடிப்பக்கத்தை மட்டும் உப்புத்தாளில் தேயுங்கள், முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். சிறிது சிறிதாகத் தேய்த்து, மாட்டிப் பார்த்து அளவிடுங்கள். தேய்த்ததை ஒட்ட முடியாது. சேடிலைத் தாங்கும் மரக்கட்டை பலகையிலிருந்து பெயர்ந்து, அடியில் தாள் நுழைந்தால் எதையும் தேய்க்காதீர்கள். பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.

ஒரு சிறு ஆய்வு

வாரம் ஒருமுறை 12ஆவது மெட்டில் கம்பியின் உயரத்தையும், ஈரப்பதமானி காட்டும் அளவையும் குறித்து வாருங்கள். கிட்டாரைச் சில வாரங்கள் திறந்த அறையிலும், பிறகு சில வாரங்கள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட உறையிலும் வைத்துப் பாருங்கள். இரண்டையும் வரைபடமாக்கினால், உங்கள் கிட்டார் எந்த அளவு ஈரத்தில் உயரத் தொடங்குகிறது என்பது கோட்டிலேயே தெரியும்.