முதலறிவு காக்கும் நரம்புகள்

முன்னுரை

உயிர்களை அவை பெற்றுள்ள அறிவின் அளவு கொண்டு ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக வகுத்துக் காட்டியவர் தொல்காப்பியர். மரபியலில் இடம்பெறும் அப்பகுப்பில் அவர் முதலாவதாக வைத்த அறிவு கண்ணால் காண்பதோ செவியால் கேட்பதோ அன்று. உடம்பால் உணரும் தொடுவுணர்வே ஆகும். சுவையும் நாற்றமும் காட்சியும் கேள்வியும் அதன்பின் ஒவ்வொன்றாய்ச் சேர, ஆறாவதாக மனம் வந்து அமைகின்றது. இவ்வாறு அறிவும் உடலில் எதன் வழியாக நிகழ்கின்றன என்று இன்றைய அறிவியலை வினவினால், அது நரம்பு மண்டலத்தையே சுட்டிக்காட்டும். அம்மண்டலத்தின் அமைப்பையும் செயலையும், அது பழுதுறுங்கால் நேரும் இடர்களையும், பழனி மலைப்படிகளில் ஏறிச் செல்லும் ஒருவரைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மையமும் புறமும்

நரம்பு மண்டலத்தை மைய நரம்பு மண்டலம், புற நரம்பு மண்டலம் என இரண்டாகப் பகுப்பர். மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அவற்றினின்று கிளைத்து உடலெங்கும் பரவும் நரம்புகளின் தொகுதி புற நரம்பு மண்டலம்.

மனித மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ளது. உடல் எடையில் இஃது ஐம்பதில் ஒரு பங்கே. எனினும் நாம் உட்கொள்ளும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை மூளை தனக்கென எடுத்துக்கொள்கிறது. மண்டையோடு, மூன்று உறைகள், அவ்வுறைகளுக்கு இடையே நிற்கும் மூளைத் தண்டுவட நீர் ஆகியன இவ்வுறுப்பைக் காத்து நிற்கின்றன.

மூளையின் பெரும்பகுதி பெருமூளையாகும். சிந்தனை, நினைவு, மொழி, விருப்பத்தின்படி நிகழும் அசைவு ஆகியவற்றுக்கு இதுவே இருப்பிடம். இதன் வலப்பாதி உடலின் இடப்புறத்தையும், இடப்பாதி வலப்புறத்தையும் ஆள்கின்றன. பெருமூளைக்குப் பின்புறம் கீழே அமைந்த சிறுமூளை, உடலின் சமநிலையையும் அசைவுகளின் ஒழுங்கையும் பேணுகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளம் மூச்சையும் இதயத்துடிப்பையும் கட்டுப்படுத்துகிறது.

பழனி மலைக்கு யானைப்பாதையும் விஞ்சும் ரோப் காரும் இருக்க, ஏறத்தாழ 700 படிகளையும் நடந்தே ஏறுவது என்று ஒருவர் உறுதி கொள்வாராயின், அவ்வுறுதி பிறப்பது பெருமூளையில். தோளில் காவடி ஒருபுறம் சாயாமல் அடிக்கு அடி உடலை நிறுத்துவது சிறுமூளையின் பணி. படிகள் ஏற ஏற மூச்சையும் இதயத்துடிப்பையும் விரைவுபடுத்துவது முகுளத்தின் பணி. இப்பணிகளில் முதலாவது மட்டுமே ஏறுபவரின் நினைவில் நிகழ்கிறது. ஏனைய இரண்டும் அவர் நினையாமலே நடைபெறுகின்றன.

தண்டுவடம் ஏறத்தாழ 45 செ.மீ. நீளமும் விரலளவு பருமனும் உடையது. முதுகெலும்புத் தொடரின் நடுவே இறங்கும் இவ்வடத்திலிருந்து 31 இணைத் தண்டுவட நரம்புகளும், மூளையிலிருந்து 12 இணை மூளை நரம்புகளும் புறப்படுகின்றன. புலன்களிலிருந்து செய்தியை உள்ளே கொணரும் இழைகள் உணர்ச்சி நரம்புகள் எனவும், தசைகளுக்குக் கட்டளையை ஏந்திச் செல்லும் இழைகள் இயக்க நரம்புகள் எனவும் பெயர் பெறும்.

இவையன்றி, நம் விருப்பத்துக்கு உட்படாது இயங்கும் தானியங்கு நரம்பு மண்டலம் ஒன்றும் உண்டு. அதன் ஒரு கூறு பரிவு நரம்புகள்; மற்றொன்று எதிர்ப்பரிவு நரம்புகள். படியேறுங்கால் நெஞ்சு படபடக்கவும், நெற்றி வியர்க்கவும், தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாயவும் செய்வன பரிவு நரம்புகள். உச்சியை அடைந்து மண்டபத்து நிழலில் அமர்ந்து பஞ்சாமிர்தம் உண்ணும்போது துடிப்பைத் தணித்து, வாயில் நீரூறச் செய்து, செரிமானத்தைத் தொடங்கி வைப்பன எதிர்ப்பரிவு நரம்புகள்.

நரம்பணுவும் சந்தியும்

இம்மண்டலத்தின் அடிப்படை அலகு நியூரான் எனப்படும் நரம்பணு ஆகும். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்பது இன்றைய கணக்கு. ஒவ்வொன்றும் ஓர் அணு உடலையும், செய்தியை ஏற்கும் குறுங்கிளைகளையும், செய்தியைக் கடத்தும் ஆக்ஸான் என்னும் நீள் இழையையும் கொண்டது. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதம் வரை செல்லும் ஆக்ஸான் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமிருக்கும்.

ஆக்ஸானில் செய்தி மின்துடிப்பாகச் செல்கிறது. மயலின் என்னும் கொழுப்புறை போர்த்திய பருத்த இழைகளில் அதன் வேகம் நொடிக்கு 120 மீட்டர் வரை செல்லும். உறையற்ற மெல்லிய இழைகளிலோ நொடிக்கு ஒரு மீட்டர் அளவே. கால் கல்லில் மோதியதும் சுரீரென்ற வலி முதலிலும், மந்தமாய் நிலைத்து நிற்கும் வலி பின்னரும் தோன்றுவதற்கு இவ்வேக வேறுபாடே காரணம்.

ஒரு நரம்பணு மற்றொன்றைத் தொட்டு நிற்பதில்லை. இடையே சினாப்ஸ் என்னும் நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பணுக்கள் தனித்தனி அலகுகளே என்று நிறுவிய ஸ்பெயின் நாட்டு அறிஞர் கஹால் 1906-இல் நோபல் பரிசு பெற்றார். அவ்விடைவெளியைச் செய்தி எவ்வாறு கடக்கிறது என்பதை 1921-இல் ஓட்டோ லோவி இரு தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார். நரம்பைத் தூண்டி ஓர் இதயத்தின் துடிப்பைக் குறைத்து, அதனைச் சூழ்ந்த நீரை மற்றோர் இதயத்தின் மீது விட்டபோது, அவ்விதயமும் துடிப்புக் குறைந்தது. நரம்பு முனையிலிருந்து ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது என்பது இதனால் புலனாயிற்று. அப்பொருளே அசிட்டைல்கோலின். நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளையைக் கடத்துவதும் இதுவே. கடத்தியபின் ஒரு நொதி அதனை உடனே சிதைத்துவிடும். அதனால்தான் தசை அடுத்த கட்டளையை ஏற்க ஆயத்தமாகிறது.

சந்தியில் விழும் நஞ்சு

இந்நுண்ணிய இடைவெளியில் நேரும் பழுது உயிரையே பறிக்க வல்லது. நம் வட்டாரத்து உழவர் நாளும் எதிர்கொள்ளும் இரண்டு இடர்கள் இதற்குச் சான்றாகும்.

முதலாவது பாம்பு நஞ்சு. நாகத்தின் நஞ்சு, தசையில் அசிட்டைல்கோலின் வந்து பற்றும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. கட்டுவிரியன் நஞ்சோ நரம்பு முனையையே சிதைத்து, அப்பொருள் சுரக்காமல் செய்கிறது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைத் தீண்டும். கடிவாயில் வலியோ வீக்கமோ மிகுதியாக இராது. ஆதலால் தீங்கில்லை என எண்ணிக் காலம் தாழ்த்துவோர் பலர். பின்னர் இமைகள் சரியும், பேச்சுக் குழறும், மூச்சுத் தசைகள் ஓயும். கடிபட்ட இடத்தைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் கேடு தருவன. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்வதே வழி. நச்சுமுறிவு மருந்துக்கு வேண்டும் நஞ்சைச் சேகரித்து வழங்க, வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருவதும் இங்கே நினைத்தற்குரியது.

இரண்டாவது பூச்சிக்கொல்லி. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குச் சரக்கு அனுப்பும் தோட்டங்கள் உள்ளிட்ட விளைநிலங்களில் தெளிக்கப்படும் மருந்துகளுள் ஆர்கனோபாஸ்பேட் வகை, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகிறது. கட்டளை முடிந்தும் அப்பொருள் சந்தியில் தேங்கி நிற்கிறது. கண்மணி சுருங்குதல், எச்சிலும் வியர்வையும் பெருகுதல், தசை துடித்தல், மூச்சு முட்டல் ஆகியன அதன் அறிகுறிகள். வாய்வழியாக மட்டுமன்றித் தோல்வழியாகவும் இது உட்புகும். வெறுங்கையால் மருந்தைக் கலக்குவதும், காற்றுக்கு எதிர்நின்று தெளிப்பதும், நனைந்த உடையுடன் நாள் முழுதும் உழைப்பதும் ஆபத்தானவை. நஞ்சு பட்டால் உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, மருந்துப் புட்டியுடன் மருத்துவரிடம் விரைதல் வேண்டும்.

வலியின் பயன்

வெறுங்காலுடன் நடப்பவர் முள்ளை மிதித்தால், வலி என உணருமுன்பே அவர் காலை எடுத்துவிடுகிறார். மறுகாலோ உடல் சாயாதபடி விறைத்து ஊன்றிக்கொள்கிறது. செய்தி தண்டுவடத்தை அடைந்த அளவிலேயே கட்டளை திரும்பிவிடுவதால் இஃது இயல்கிறது. இதனை அனிச்சைச் செயல் என்பர். மூளைக்குச் செய்தி சற்றுப் பின்னரே எட்டுகிறது. அப்போது தோன்றும் வலியே, புண்ணுற்ற காலை மேலும் ஊன்றாதே என எச்சரித்து நிற்கிறது.

இவ்வெச்சரிக்கை இல்லாதொழிந்தால் என்ன நேரும் என்பதை உலகுக்கு உணர்த்தியவர் மருத்துவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த இவர், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். 1873-இல் ஹான்சன் கண்டறிந்த அந்நோய்க் கிருமி, புற நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை அழிக்கிறது. உணர்ச்சியற்ற கையால் சுடுகலத்தைப் பற்றுவதும், புண்பட்ட காலையே மீண்டும் மீண்டும் ஊன்றி நடப்பதுமே உறுப்புகளைச் சிதைக்கின்றன என்பதைப் பிராண்ட் தெளிவுபடுத்தினார். உறங்குகையில் எலி கடித்ததையும் அறியாத நோயாளரை அவர் கண்டார். நலமாயிருந்த தசைநாண்களை இடம்மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களுக்கு மீண்டும் அசைவு தந்தார். பாதங்களைக் காக்க மென்மையான காலணிகளை உருவாக்கவும் உழைத்தார். வலி உடலுக்குக் கிடைத்த கொடை என்பதே தம் வாழ்நாளில் அவர் கண்ட உண்மை.

தொழுநோய் இன்று முற்றிலும் குணமாக்கத்தக்கது. உணர்வற்ற தேமல் தோன்றிய உடனே அரசு சுகாதார நிலையத்தை நாடினால், கூட்டு மருந்து விலையின்றிக் கிடைக்கும். 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் போதும். ஆயின் அதே உணர்விழப்பு, நீரிழிவு என்னும் பெயரில் இன்று வீடுதோறும் நுழைகின்றது. நெடுநாள் கட்டுப்படாத சர்க்கரை, முதலில் பாதத்து நரம்புகளையே தாக்குகிறது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பல நாள் வெறுங்காலுடன் நடந்து பழனிக்கு வருவோருள் நீரிழிவுடையோரும் இருப்பர். கொப்புளமும் கல்வெட்டும் அவர்களுக்கு வலிப்பதில்லை. வலியாமையைத் தம் உறுதியின் பயன் என அவர்கள் எண்ணிவிடவும் கூடும். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி உண்டா என மருத்துவர் சில நிமிடங்களில் அறிந்து கூறுவார். உணர்ச்சி குன்றியோர் காலணியின்றி நடத்தல் கூடாது. தங்கும் இடந்தோறும் உள்ளங்காலைக் கண்ணால் பார்த்தறிதல் வேண்டும். நரம்பு சொல்லாததைக் கண்ணேனும் சொல்லட்டும்.

வலியின் இருப்பிடம்

உறுப்பு இருந்தும் வலி இல்லாத நிலையைக் கண்டோம். உறுப்பு இல்லாமலே வலி இருக்கும் நிலையும் உண்டு. கையையோ காலையோ இழந்தவர் பலர், இல்லாத அவ்வுறுப்பு இன்னும் இருப்பதாகவும் அது வலிப்பதாகவும் உணர்வர். 1951-இல் தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், கலிபோர்னியாவில் 1990-களில் இதனை ஆராய்ந்தார். ஒரு கண்ணாடியை நடுவே நிறுத்தி, இருக்கும் கையின் உருவம் இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு செய்தார். அக்கையை அசைத்துப் பார்த்தபோது, இல்லாத கையின் இறுக்கம் தளர்ந்ததாகச் சிலர் உணர்ந்தனர். உடலின் வரைபடம் ஒன்று மூளையில் உண்டு என்பதும், வலி உணரப்படும் இடம் மூளையே என்பதும் இதனால் மேலும் விளங்கின.

முடிவுரை

மூளை, தண்டுவடம், நரம்புகள் என விரிந்து, உணர்ந்தும் கடத்தியும் கட்டளையிட்டும் நம்மை இயக்கும் இம்மண்டலம், தன் பழுதைத் தானே எடுத்துரைக்க இயலாத இடங்களும் உண்டு. வலியின்றித் தீண்டும் விரியனும், தோல்வழியே நுழையும் பூச்சிக்கொல்லியும், ஓசையின்றி உணர்வைத் தின்னும் நீரிழிவும் அத்தகையன. அவ்விடங்களில் ஆறாவதான அறிவே முதலறிவுக்குக் காவலாக நிற்றல் வேண்டும். கல்வி பெற்றோர் இதனைத் தம் வீட்டாருக்கும் ஊராருக்கும் எடுத்துச் சொல்வாராயின், பல பாதங்களும் சில உயிர்களும் காக்கப்படும்.