குளிரை முன்னறியும் செடிகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட எல்லையில் மினசோட்டா என்றொரு மாநிலம் உண்டு. அங்குள்ள டவர் என்னும் சிற்றூரில் 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 51 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்கியது. அதே மாநிலத்தில் கோடையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு. கடலின் காப்பு இல்லாத உள்நாடு அது. துருவக் காற்றைத் தடுத்து நிறுத்தக் குறுக்கே மலையும் இல்லை. அந்நிலத்தில் நின்ற இடத்திலேயே நின்று, ஆண்டுதோறும் குளிர்காலத்தைக் கடந்துவரும் மரங்களும் புதர்களும் பூண்டுகளும் பல. அவை அதனை எவ்வாறு செய்கின்றன என்பதையும், அவற்றைத் தோட்டங்களில் வளர்ப்போர் எதனைக் கருத வேண்டும் என்பதையும் இங்குக் காண்போம்.

இச்செடிகளைக் குறிக்கத் தோட்டக்கலை நூல்களில் 'ஹார்டி' என்னும் ஆங்கிலச் சொல் வழங்குகிறது. மொழிபெயர்ப்பில் பழகிய நாம் இதனை 'வலிய' என்று எளிதில் பெயர்த்துவிடலாம். ஆயினும் பாதிப் பொருளே வந்து சேரும். ஜூலை மாதத்தில் உறைநிலைக்குச் சில டிகிரி கீழே குளிர்வித்தால் மடிந்துபோகும் அதே கிளை, ஜனவரியில் 40 டிகிரி உறைகுளிரிலும் உயிரோடிருக்கிறது. ஆகவே இவ்வன்மை செடியிடம் என்றும் நிலைத்திருக்கும் குணம் என்று சொல்வதற்கில்லை. காலம் அறிந்து அது ஆண்டுதோறும் புதிதாகத் தேடிக்கொள்ளும் பொருள் என்பதே பொருந்தும்.

அக்காலத்தைச் செடிக்கு முதலில் அறிவிப்பது பகற்பொழுது. கோடை முதிர்ந்து பகல் குறுகத் தொடங்கியதும், வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருக்கும்போதே, வடநாட்டு மரங்கள் வளர்ச்சியை நிறுத்தி மொட்டுகளை மூடிக்கொள்கின்றன. இது முதற்படி. பின்னர் விழும் முதல் உறைபனி இரண்டாம் படியைத் தொடங்கிவைக்கிறது. அப்போது உயிரணுக்களில் சர்க்கரைப் பொருள்கள் மிகுகின்றன. அவற்றைச் சூழ்ந்த மெல்லிய சவ்வுகளும் தம் அமைப்பை மாற்றிக்கொள்கின்றன.

உயிரணுவின் உள்ளே பனிக்கட்டி தோன்றினால் அவ்வணு இறந்துபடும். எனவே காகித பிர்ச் மரமும் செங்கிளை டாக்வுட் புதரும் தம் அணுக்களிலுள்ள நீரைச் சிறிது சிறிதாக வெளியேற்றி, அணுக்களுக்கு இடையேயுள்ள வெளியில் உறைய விடுகின்றன. உள்ளே எஞ்சுவது செறிந்த சாறு மட்டுமே. இவ்வாறு முற்றும் பக்குவமடைந்த டாக்வுட் கிளை, ஆய்வுக்கூடத்தில் படிப்படியாகக் குளிர்விக்கப்பட்டு, பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜனில் இடப்பட்ட பின்பும் பிழைத்திருக்கிறது. ஓக், ஹிக்கரி முதலிய மரங்களின் வழி வேறு. அவற்றின் கட்டைப் பகுதியிலுள்ள நீர் உறைநிலைக்கு வெகு கீழே சென்றும் உறையாமல் நிற்கும். ஆனால் ஏறத்தாழ 40 டிகிரி உறைகுளிரில் அவ்வுபாயம் முறிந்துவிடுகிறது. அத்தகைய மரங்கள் வடக்கே ஓரெல்லைக்கு அப்பால் காணப்படாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே 1960-களில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி நம் கவனத்திற்கு உரியது. செங்கிளை டாக்வுட் கண்டத்தின் பெரும்பகுதியில் இயற்கையாய் வளர்வது. பல்வேறு பகுதிகளிலிருந்து அதனைக் கொண்டுவந்து ஓரிடத்தில் நட்டுப் பார்த்தனர். நடுக்குளிர்காலத்தில் எல்லாமே கடுங்குளிரைத் தாங்கின. எனினும் மிதமான பகுதிகளிலிருந்து வந்தவை இலையுதிர்காலத்தில் பிந்தியே பக்குவமடைந்தன. அதற்குள் வந்துவிட்ட குளிரில் அவை சேதமுற்றன. ஒரே இனம், ஒரே மண், ஒரே வானம். வேறுபட்டது அவை பிறப்பிலேயே கொண்டுவந்த நாட்கணக்கு ஒன்றே.

தோட்டக்காரர் கைக்கொள்ளும் வழிகாட்டி, அமெரிக்க வேளாண்மைத் துறை 1960-இல் முதன்முதலாக வெளியிட்ட தட்ப மண்டலப் படம். இன்றைய படம் நாட்டை 13 மண்டலங்களாகப் பகுக்கிறது. ஆண்டின் மிகத் தாழ்ந்த வெப்பநிலையின் பல்லாண்டுச் சராசரியே அப்பகுப்புக்கு அடிப்படை. பயனுள்ள படம்தான், ஆனால் குளிர் எவ்வளவு என்று கூறுமேயன்றி, எப்போது வரும் என்று கூறாது. ஆதலின் 'உள்நாட்டுச் செடி' என்ற பெயர்ச்சீட்டோடு நின்றுவிடாமல், அதன் விதை எப்பகுதியில் எடுக்கப்பட்டது என்றும் நாற்றுப்பண்ணையில் கேட்பது அறிவுடைமை.

தேர்ந்துகொள்ளத் தக்க செடிகளுக்குக் குறைவில்லை. நிழலுக்கு பர் ஓக். வெண்பட்டையின் அழகுக்குக் காகித பிர்ச். காற்றைத் தடுக்க வெண் ஸ்புரூஸ். இலையுதிர்ந்த பின் வெண்பனியின் நடுவே குருதிச் சிவப்பாய் நிற்பது டாக்வுட். வசந்தத்தில் வெண்மலரும் கோடையில் உண்ணத்தக்க கருநீலக் கனியும் தருவது சாஸ்கடூன் பெரி. கானடாவின் சாஸ்கடூன் நகரம் கிரீ மக்கள் இக்கனிக்கு இட்ட பெயரால் வழங்குவது. பூண்டுகளில் எக்கினேசியா, நியூ இங்கிலாந்து ஆஸ்டர், மில்க்வீட் ஆகியவை சிறந்தவை. இவற்றின் தண்டு குளிர்காலத்தில் காய்ந்துவிடும். உயிர் மண்ணின் கீழே ஒடுங்கியிருக்கும். மேலே படிந்த பனியே அதற்குப் போர்வை. மில்க்வீட் விதை ஈரமண்ணில் சில வாரங்கள் குளிரில் கிடந்த பின்னரே நன்கு முளைக்கும்.

வளர்ப்பு முறையிலும் காலமறிதலே தலையாயது. கோடையின் இறுதியில் தழை உரம் இட்டால் இளந்தளிர் தொடர்ந்து எழும். அடங்க வேண்டிய செடி அடங்காது. காய்ந்த எக்கினேசியாத் தலைகளை வெட்டாமல் விட்டுவைத்தால், சிறு பறவைகளுக்குக் குளிர்கால உணவாகும்.

இச்செடிகளை நாடுவதில் அழகினும் பெரியதொரு காரணம் உண்டு. கண்டத்தின் நடுவே ஒருகாலத்தில் பிரேரி என்னும் உயர்ந்த புல்வெளி பரந்திருந்தது. அதன் பெரு நீலத்தண்டுப் புல்லின் வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்குவது. 1837-இல் ஜான் டீர் செய்த எஃகுக் கலப்பை அவ்வேர்ப் பின்னலைக் கிழித்தது, புல்வெளி வயலாயிற்று. இன்று எஞ்சியிருப்பது நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவு. டென்மார்க்கில் பிறந்த ஜென்ஸ் ஜென்ஸன் 1888-இல் சிகாகோ நகரின் யூனியன் பூங்காவில் அந்நாட்டுக் காட்டுப்பூக்களையே கொண்டு ஒரு தோட்டம் அமைத்தார். அயல்நாட்டுச் செடிகள் அங்கே செழிக்காததைக் கண்டே அவர் அவ்வழியில் திரும்பினார்.

மில்க்வீட் நம் நாட்டு எருக்கின் குடும்பத்தது. எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் உறவான மோனார்க், மில்க்வீட் இலையை விட்டால் தன் புழுக்களுக்கு வேறு உணவு அறியாதது. வயலோரங்களில் அச்செடி அழிந்துவரும் நாளில், வீட்டுத் தோட்டத்தின் நான்கு செடிகளும் அதற்குப் புகலிடமே.

இப்போது புதியதோர் இடர் எழுந்துள்ளது. 2023-இல் திருத்திய தட்ப மண்டலப் படத்தில், 2012-ஆம் ஆண்டுப் படத்தை நோக்க, நாட்டின் ஏறத்தாழப் பாதி, அரை மண்டலம் வெப்பத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. குளிர் குறைவது செடிக்கு நலம் என்று தோன்றலாம். ஆனால் 2007-ஆம் ஆண்டு மார்ச் மாத வெப்பத்தை நம்பித் தளிர்த்த மரங்கள், ஏப்ரல் முதல் வாரத்தில் திரும்பி வந்த உறைபனியில் கருகின. கிழக்கிலும் நடுப்பகுதியிலும் கோதுமையும் கனிமரங்களும் பெருஞ்சேதம் அடைந்தன. பகற்பொழுதின் அளவு மாறுவதில்லை. வெப்பமோ முன்போல் அதனோடு ஒத்து நடப்பதில்லை. பல்லாயிரம் ஆண்டு பழகிய நாட்கணக்கு பிழைபடும் இக்காலத்தில், உள்ளூர் விதைகளைப் பல தாய்ச்செடிகளிலிருந்து திரட்டிப் பேணுவது தோட்டக்காரரின் கடமையுமாகும். முந்தித் தளிர்ப்பது ஒன்று, பிந்தித் தளிர்ப்பது மற்றொன்று என இருந்தால், எவ்வாண்டிலும் சில தப்பிப் பிழைக்கும்.