மயிர்நூலும் உயிர்நேயமும்

கண்ணகி வழிபாட்டாற் சிறந்த தம்பிலுவிலில் வாழும் நமக்குச் சிலப்பதிகாரம் அயலானதன்று. மதுரைக் கடைவீதியிற் பருத்தி, பட்டு ஆகியவற்றோடு மயிரால் நெய்த ஆடையும் இருந்தமையை அதன் ஊர்காண் காதை உரைக்கின்றது. மருதமுனைத் தறிகளிற் பருத்தியையே பெரிதும் கண்ட நாம் மயிர்நூலின் இயல்பறிதல் நன்று.

லடாக்கில், 4,000 மீற்றருக்கு மேற்பட்ட மேட்டுநிலத்தில், கடுங்குளிரைத் தாங்குமாறு ஆடுகளுக்கு மெல்லிய அடிமயிர் வளர்கின்றது. வேனிற்றொடக்கத்தில் அஃது உதிருங்கால் சீப்பினால் வாரி எடுப்பர். இதுவே பசுமினா. இதன் தடிப்பு 12 முதல் 15 மைக்ரோன். ஆலைப்பொறியின் இழுவையைத் தாங்காத இவ்விழையைக் காசுமீரப் பெண்டிர் இராட்டையிற் கையாலேயே நூற்பர்.

இதனினும் நுண்ணியது சாதூசு. சிரு என்னும் திபேத்திய மானைக் கொன்றே அதனைப் பெறுவர். ஒரு போர்வைக்கு மூன்று முதல் ஐந்து மான்கள் மடியும். ஆதலின் 1979இல் அதன் அனைத்துலக வாணிகம் தடைசெய்யப்பட்டது.

தென்னமெரிக்க விக்குஞாவும் 1960களில் வேட்டையால் அருகிற்று. காவல் பெற்றுப் பெருகியபின், பெரு நாட்டு மக்கள் அதனை வளைத்துப் பிடித்து, மயிரை மட்டும் கத்தரித்து, உயிரோடு விடுகின்றனர்.

எனவே அருமை இழையில் மட்டுமன்று, அதனைப் பெறும் நெறியிலும் உளது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் போற்றும் நாம், மானைக் கொன்று பெறும் போர்வையை விழைதல் தகுமோ?