ஈயின் இனம் அறிதல்

வீட்டில் மொய்க்கும் ஈயை அறியாதார் இலர். அதன் நீளத்தில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கே உடைய ஈயும் உலகில் உண்டென்றால் வியப்பன்றோ! தாய்லாந்து நாட்டின் கேங் கிராச்சான் தேசியப் பூங்காவில் கிடைத்த அவ்வீயின் நீளம் 0.4 மில்லிமீட்டர். பூச்சியியல் அறிஞர் பிரையன் பிரௌன் 2012ஆம் ஆண்டில் அதனைப் புதிய இனமென விளக்கி, 'யூரிபிளாட்டியா நனக்நிகாலி' எனப் பெயரிட்டார்.

புள்ளியளவே தோன்றும் பூச்சியைப் புதிய இனமென்று துணிவது எங்ஙனம்? சிறுமை மட்டும் சான்றாகாது. நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தலை, உணர்கொம்பு, சிறகு, கால், முட்டையிடும் குழல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நோக்கி, முன்னரே அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிடல் வேண்டும். ஒத்திருக்கும் உறுப்புகள் பேரினத்தைக் காட்டும். வேறுபடும் உறுப்புகள் தனியினத்தைக் காட்டும். பெயர் சூட்டுதற்கு அடிப்படையான மாதிரியுடல் காட்சிச்சாலையில் காக்கப்படும். ஐயமுற்றோர் பிற்காலத்தும் அதனை எடுத்து நோக்கலாம்.

இனி, அவ்வீ வாழும் முறை யாது? இனத்தை விளக்கியபோது அதனை நேரிற் கண்டவர் இலர். ஆயினும், பெண் ஈயின் முட்டையிடும் குழல் கூரியதாக இருந்தது. அதே பேரினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க ஈயோ எறும்பைத் தாக்கி வாழ்வது. இவ்விரண்டையும் இணைத்து, தாய்லாந்து ஈயும் எறும்பின் உடலில் முட்டையிடும் ஒட்டுண்ணியாக இருக்கலாமென அறிஞர் கருதினார்.

நம் அளவை நூலார் காண்டல் வேறு, கருதல் வேறு என்பர். குழல் கூரியது என்பது காண்டல். எறும்பில் முட்டையிடும் என்பது கருதல். இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் ஆராய்ச்சி கதையாகிவிடும்.

மிகச் சிறிய ஈ என்னும் பெருமை நெடுநாள் நிலைக்கவில்லை. 2018இல் அதே அறிஞர், பிரேசில் நாட்டில் கிடைத்த 0.395 மில்லிமீட்டர் ஈ ஒன்றை விளக்கினார். அதன் முன்னங்கால்கள் பருத்தவை, சிறகுகளோ வெறுங்குறைகள். பருத்த கால்களைக் கண்டு, நடிகர் அர்னால்டு சுவார்சுநேக்கரின் பெயரால் அதனை 'அர்னோல்டி' என்றார்.

பட்டம் கைமாறியது, ஆயினும் தாய்லாந்து ஈயின் இனப்பெயர் மாறவில்லை. அப்பெயர் சிறுமையின்மேல் நிற்பதன்று. கண்டு எழுதிய உறுப்புகளின்மேல் நிற்பது. மாணவர்க்கு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் முதற்கண் உணர்த்த வேண்டியதும் இதுவே.