காஸில் ஓடும் பழைய லேண்ட் குரூசர்

ஆஸ்திரேலியாவில் முன்னே போகும் வண்டியின் நம்பர் பிளேட்டில் சாய்சதுரமாக ஒரு சிவப்பு வில்லை ஒட்டி, அதில் எல்பிஜி என்று எழுதியிருந்தால், அந்த வண்டிக்காரர் ஒரு காலத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர். விபத்து நடந்தால், உள்ளே எல்பிஜி காஸ் டேங்க் இருப்பது தீயணைப்புக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்கான வில்லை அது. பதினைந்து இருபது வருடங்களுக்கு முன் மெல்பேர்ன் நெரிசலில் டாக்ஸி, வேன், படகு இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் என்று எதில் பார்த்தாலும் அது இருக்கும். இப்போது தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டாக்ஸிக்காரர் நாள் முழுக்க ஓட்டுபவர். அவர் காஸுக்குப் போனதில் அதிசயமில்லை. டொயோட்டா லேண்ட் குரூசர் 80 சீரிஸ் வைத்திருந்தவர்கள் போனதுதான் சுவாரசியமான கதை. 1990 முதல் 1998 வரை விற்ற மாடல் அது. எடை இரண்டு டன்னுக்கு மேல். 4.5 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் வைத்த வண்டி, நூறு கிலோமீட்டருக்குச் சாதாரணமாகவே 18 லிட்டர் குடிக்கும். பின்னால் கேரவனை மாட்டினால் எவ்வளவு என்று வீட்டில் சொல்லாமல் இருப்பது நல்லது. டீசல் மாடல் சிக்கனம்தான், ஆனால் செகண்ட் ஹேண்டில் அதன் விலை எப்போதும் ஒரு படி மேலே. அதனால் பெட்ரோல் வண்டியை மலிவாக வாங்கி, காஸ் மாட்டிக்கொள்வது கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

எவ்வளவு கெட்டிக்காரத்தனம்? 2006-ஐ எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ 1 டாலர் 30 சென்ட், காஸ் 55 சென்ட். ஒரு லிட்டர் காஸில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு என்பதால் 18 லிட்டர் குடித்த வண்டி காஸில் 23 லிட்டர் கேட்கும். அப்படிக் கேட்டாலும் நூறு கிலோமீட்டருக்கு 23 டாலர் 40 சென்ட் ஆன இடத்தில் 12 டாலர் 65 சென்ட்தான். வருடம் 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் 1,600 டாலர் மிச்சம்.

இந்த மிச்சம் சந்தை கொடுத்ததல்ல, அரசு கொடுத்தது. பெட்ரோல் மேல் லிட்டருக்கு 38 சென்ட் கலால் வரி இருந்தது. காஸ் மேல் ஒரு சென்ட்கூட இல்லை. போதாததற்கு, பெட்ரோல் விலை ஏறி ஜனங்கள் முணுமுணுத்த 2006 ஆகஸ்டில் பிரதமர் ஜான் ஹோவர்ட், சொந்த வண்டியைக் காஸுக்கு மாற்றுபவர்களுக்கு 2,000 டாலர் மானியம் அறிவித்தார். மாற்றும் செலவு 3,500 டாலர் என்றால் கையிலிருந்து போவது 1,500. அதாவது ஒரு வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். பட்டறைகளில் கூட்டம் அலைமோதியது.

மாட்டிக்கொண்ட பிறகு வண்டியோடு வாழும் விதம் மாறியது. காஸ் டேங்குக்கு இடம் வேண்டும். ஸ்டெப்னி டயர் அடியிலிருந்து கிளம்பிப் பின் பம்பருக்கு வந்தது, அதற்கு ஒரு கேரியர், அதற்குத் தனிச் செலவு. நூறு லிட்டர் டேங்க் என்றாலும், வெயிலில் விரிய இடம் விட்டு 80 லிட்டரில் தானே நின்றுவிடும். ஆக, 350 கிலோமீட்டருக்கு ஒரு முறை பங்க். அங்கேயும் வேலை பெட்ரோல் போலச் சுலபமில்லை. பித்தளை முனையைத் திருகி இறுக்கி, பம்பில் உள்ள பொத்தானை விரலால் அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். கையை எடுத்தால் காஸ் நிற்கும். கழற்றும்போது புஸ்ஸென்று கொஞ்சம் வெண்புகை வரும். குளிர்காலக் காலையில் அந்தப் பித்தளையை வெறுங்கையால் தொட்டவர் அடுத்த முறை கையுறையோடு வருவார்.

பானெட்டுக்குள்ளும் சில விஷயங்கள். திரவக் காஸை ஆவியாக்கும் கன்வர்ட்டரைச் சூடேற்றுவது ரேடியேட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீர் குறைந்தால் கன்வர்ட்டர் மேல் உறைபனி படியும், வண்டி திணறும். உள்ளே இருக்கும் ரப்பர் டயஃபிராம் வருடங்கள் போகப் போக விறைத்துவிடும். பழைய மிக்ஸர் வகைக் காஸ் கிட்டில் பிளக்கும் பிளக் வயரும் கொஞ்சம் அசந்தாலும் பேக் ஃபயர்தான். டமாரென்று ஒரு சத்தம், ஏர் ஃபில்டர் பெட்டி பிளந்திருக்கும், மடல் வைத்த ஏர் ஃப்ளோ மீட்டர் இருந்தால் அதுவும் போயிருக்கலாம். காஸ்காரர்கள் மிச்சக் கணக்கு சொல்லும்போது இந்த மீட்டரின் விலையைச் சேர்ப்பதில்லை. நியாயமாகச் சொன்னால் வரவுப் பக்கத்திலும் ஒன்று உண்டு: காஸில் ஓடும் எஞ்சினின் ஆயில் சீக்கிரம் கறுப்பதில்லை.

பிறகு காஸுக்கு இருந்த சாதகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2011 டிசம்பரில் காஸுக்கும் கலால் வரி வந்தது: முதலில் 2.5 சென்ட், வருடா வருடம் அதே அளவு ஏறி 2015-இல் 12.5 சென்ட். மானியம் படிப்படியாகக் குறைந்து 2014 ஜூனோடு முடிந்தது. பாஸ் நீரிணையிலிருந்து காஸ் எடுக்கும் நாடுதான் ஆஸ்திரேலியா, ஆனாலும் உள்ளூர் விலை சவூதி அராம்கோ மாதா மாதம் அறிவிக்கும் ஒப்பந்த விலையைப் பார்த்தே நகரும். இவற்றையெல்லாம்கூடத் தாங்கியிருக்கலாம். தாங்க முடியாத அடி டாக்ஸியிலிருந்து வந்தது. காஸில் ஓடிய ஃபோர்டு ஃபால்கன் டாக்ஸிகளின் இடத்தை டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் பிடித்தது. ஃபால்கன் தயாரிப்பே 2016-இல் நின்றது. தினமும் வந்து நிரப்பிய வாடிக்கையாளர் போனதும், பங்க்காரருக்குக் காஸ் டேங்கையும் பம்பையும் பராமரிக்க மனமில்லை. பழுதான பம்பைப் பழுது பார்ப்பதற்குப் பதில் மூடியே விட்டார்கள்.

இன்றைய கணக்கைப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். பெட்ரோல் 1 டாலர் 90, காஸ் 1 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 34 டாலர் 20 சென்ட், காஸில் 23 டாலர். மிச்சம் 11 டாலர் 20 சென்ட். 2006-இல் இருந்ததைவிட 45 சென்ட் அதிகம்! காகிதத்தில் காஸ் தோற்கவே இல்லை. அன்று பெட்ரோல் செலவில் பாதிக்குச் சற்று மேல், இன்று மூன்றில் இரண்டு பங்கு, அவ்வளவுதான்.

ஆனால் காஸ் உள்ள பங்க்குக்குப் போய்வர இருபது கிலோமீட்டர் சுற்றினால் மிச்சத்தில் நாலரை டாலருக்கு மேல் அங்கேயே போயிற்று. கிட்டைத் தெரிந்த மெக்கானிக்குகளில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இளையவர்களில் காஸ் உரிமம் எடுப்பவர் அரிது. வண்டியும் இன்று வீட்டின் இரண்டாவது வண்டி. வருடம் 4,000 கிலோமீட்டர் ஓடினால் மொத்த மிச்சமே 450 டாலர்தான்.

இதற்கு நடுவில் டேங்க் பரிசோதனை வந்து நிற்கும். சட்டப்படி பத்து வருடத்துக்கு ஒரு முறை காஸ் டேங்கைக் கழற்றிச் சோதித்து முத்திரை வாங்க வேண்டும். மானியக் காலத்தில் மாட்டிய டேங்குகளெல்லாம் ஒரு சுற்றை முடித்தாயிற்று. அந்தச் செலவுக்குப் பதிலாக மொத்தக் கிட்டையும் கழற்றிப் போட்டுவிட்டுப் பெட்ரோலுக்கே திரும்பியவர்கள் நிறைய. 80 சீரிஸ் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் வண்டி. காஸ் டேங்க் இல்லாமல், கம்பெனியிலிருந்து வந்தபடி இருந்தால்தான் அவர்களுக்குப் பிடிக்கிறது.

என்னைக் கேட்டால், புதிதாகக் காஸ் மாட்டும் காலம் முடிந்துவிட்டது. ஏற்கெனவே நல்ல கிட் இருந்து, வேலைக்குப் போகும் வழியிலேயே காஸ் பம்பும் இருந்தால் கழற்றத் தேவையில்லை. பெட்ரோல் இரண்டு டாலரைத் தாண்டிய 2022-இல் அப்படி வைத்திருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். நாட்டின் உட்பகுதிப் பாலைவனப் பயணத்துக்கு மட்டும் காஸை நம்பக் கூடாது. காஸ் மாட்டிய பழைய குரூசர் மலிவாகக் கிடைக்கிறதென்று யாராவது சொன்னால், எஞ்சினைத் திறந்து பார்க்கும் முன் அடியில் குனிந்து டேங்க் தகட்டில் அடித்திருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் அந்தச் செலவை விலையிலேயே கழித்துக் கேளுங்கள்.