கடலை உருண்டையும் கருங்கல்லும்

கல்லுடைக்கும் இயந்திரத்தை வார்ப்பதற்கு முன்பே அதன் செயல்பாடு முழுவதையும் கணினியில் கண்டுவிடலாம் என்று மென்பொருள் விளம்பரங்கள் உறுதியளித்துவரும் இக்காலத்தில், திரையில் உடைவது எந்த அளவுக்குக் கல், எந்த அளவுக்குக் கணக்கு என்பதைப் பிரித்தறிவது இன்றியமையாததாகிறது.

பீட்டர் கண்டாலும் ஓட்டோ ஸ்ட்ராக்கும் 1979-இல் வெளியிட்ட 'தனித்துகள் முறை', மணற்குவியலைத் தனித்தனி உருண்டைகளாகக் கொண்டு, அவை ஒன்றையொன்று தொடும் இடங்களில் எழும் விசையைக் கணக்கிட்டு, மிகச் சிறிய காலத்துணுக்குகளில் அவற்றை நகர்த்திச் செல்கிறது. உருண்டைகளை முறியக்கூடிய பிணைப்புகளால் இணைத்துப் பாறையாக்கும் வழியை, 2004-இல் டேவிட் பொட்டியாண்டியும் கண்டாலும் விரிவாக வகுத்தளித்தனர்.

இவ்வாறு உருவாகும் கணினிக் கல், கடலை உருண்டைக்கு நிகரானது: கடலைகள் துகள்கள், வெல்லப்பாகு பிணைப்பு. பாகை இளம்பதத்தில் இறக்கினால் உருண்டை நசுங்குவதும், முற்றவிட்டால் தெறித்து உடைவதும் போலவே, பிணைப்பின் விறைப்பையும் வலிமையையும் மாற்றக் கல்லின் குணமும் மாறுகிறது. உண்மையான பாறைத் துண்டை ஆய்வகத்தில் நசுக்கிப் பெற்ற அளவுகளோடு ஒத்துவரும்வரை இந்தப் பதம் திருத்தப்படுகிறது.

தாடைபோல் கல்லைக் கவ்வி உடைக்கும் ஜா கிரஷர் இயந்திரத்தில், நிலையான தகட்டுக்கும் ஆடும் தகட்டுக்கும் இடையே அத்தகைய கல் அகப்படும்போது நிகழ்வதே இம்முறையின் பேரழகு. தகடுகள் இருபுறமும் அழுத்த, கல்லின் நடுப்பகுதி பக்கவாட்டில் விரிய முயல்கிறது. இழுப்பைத் தாங்கும் ஆற்றல் பாறைக்கு அழுத்தத்தைத் தாங்கும் ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே என்பதால், அங்கு ஒரு பிணைப்பு முறிகிறது. அது சுமந்த விசை அண்டைப் பிணைப்புகள்மீது ஏற, அவையும் அடுத்தடுத்து முறிந்து, ஒரு தகட்டிலிருந்து மறு தகடுவரை விரிசல் ஓடுகிறது. கல் நடுவில் பிளக்க வேண்டும் என்று எந்தச் சமன்பாட்டிலும் எழுதப்படவில்லை. சிறு விதிகளின் கூட்டுவிளைவாகவே அப்பிளவு பிறக்கிறது.

ஆனால் வாயில் போட்ட கடலை இரண்டு பருப்பாகப் பிரிந்து மாவாவதுபோல், கணினிக் கடலை ஒருபோதும் உடைவதில்லை. தகடு கல்லைக் கவ்வும் முனையில் உண்மையில் எழும் தூள், அடிப்படை உருண்டையைவிட நுண்ணியதாக இருந்தால், கணக்கில் தோன்றவே தோன்றாது. 10 செ.மீ. விட்டமுள்ள ஒரே கல்லை 1 மி.மீ. உருண்டைகளால் அமைக்கச் சுமார் 6 லட்சம் உருண்டைகள் வேண்டும், உருண்டையை 0.1 மி.மீ. ஆக்கினால் எண்ணிக்கை 60 கோடியாவதோடு காலத்துணுக்கும் பத்தில் ஒன்றாகச் சுருங்குவதால், உழைப்பு பத்தாயிரம் மடங்காகிறது. கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்டின் தரத்தைக் கெடுக்கும் தூளோ 75 மைக்ரானுக்கும், அதாவது 0.075 மி.மீ.-க்கும், நுண்ணியது.

ஆகவே தகட்டின்மீது விழும் விசை, கல் இறங்கும் வேகம், தேய்மானம் மிகும் இடம் ஆகியவற்றில் இக்கணிப்பு மதிக்கத்தக்கது. தூளின் அளவைக் காட்டும் வரைபடமோ பெரும்பாலும் ஆய்வகத்தில் கல்மீது எடையை விழவிட்டு உடைத்த சோதனைகளிலிருந்து உள்ளே இடப்பட்டதாகும். இயந்திரம் வாங்குவோர் கேட்டறிய வேண்டியவை இரண்டு: கணக்கிலுள்ள மிகச் சிறிய உருண்டையின் விட்டம் எவ்வளவு, எந்தக் குவாரியின் கல்லைக் கொண்டு பதம் பார்க்கப்பட்டது.